யோசெமிட்டில பசங்களோட மூணு ராத்திரி காட்டுக்குள்ள, முதல் தடவை: பிளான் பாத்து சொல்லுங்க

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட், ரெண்டு குடும்பம், பெரியவங்க நாலு பேரு, பசங்க மூணு பேரு (9, 11, 13 வயசு). கார் பக்கத்துல டென்ட் போட்டு தங்குறதெல்லாம் நல்லா பழக்கம் தான், பின்னக்கிள்ஸ், டாஹோன்னு போயிட்டு வந்திருக்கோம், ஆனா எல்லாத்தையும் முதுகுல சுமந்துட்டு போயி ரோடே இல்லாத இடத்துல தங்கினதில்ல. இந்த வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம், ஸ்கூல் தொறக்குறதுக்கு முன்னாடி, யோசெமிட்டி தேசியப் பூங்காவுல பண்ணிடலாம்னு பேசிட்டோம். பிளான் இப்படி போட்டு வெச்சிருக்கேன்: முதல் நாள் ஹேப்பி ஐல்ஸ்ல கெளம்பி லிட்டில் யோசெமிட்டி வேலி, ரெண்டாம் நாள் ஹாஃப் டோம் பாறை மலை ஏறிட்டு திரும்ப அங்கயே ராத்திரி, மூணாம் நாள் சன்ரைஸ், நாலாம் நாள் டுவாலமி மெடோஸ்ல இறங்கி பஸ் புடிச்சு கார் கிட்ட வந்துடறது. பெர்மிட் எப்ப போடணும், சாப்பாடு என்ன எடுத்துட்டு போறது, கரடிக்கு என்ன பண்றதுன்னு ஒண்ணும் புரியல. ரெண்டு பேரு வெஜிடேரியன். இப்ப ஜனவரி தானேன்னு வீட்டுல சொல்றாங்க, எனக்கு இப்பவே லேட்டாயிடுச்சோன்னு இருக்கு.

கோவைப்பையன்:
பிளான் சூப்பரா இருக்கு ப்ரோ. ஹாஃப் டோம் கேபிள் ஏறுறது வாழ்க்கைல ஒரு தடவையாவது பண்ணணும். வைல்டர்னஸ் பெர்மிட் (காட்டுக்குள்ள ராத்திரி தங்குறதுக்கான அனுமதி) போடும்போதே ஹாஃப் டோம் பெர்மிட்டும் சேத்து கேட்டுக்கலாம், தனியா குலுக்கல்ல போட வேண்டியதில்ல. 13 வயசு பையன் தாராளமா ஏறுவான்.

மலைச்சாரல்:
லேட்டாகல தம்பி, சரியான நேரத்துல தான் கேட்டிருக்கீங்க, பெர்மிட் கணக்க கீழ சொல்றேன். ஆனா பிளான மாத்துங்கன்னு தான் முதல்ல சொல்லுவேன், கோவைப்பையன் கோவிச்சுக்காதீங்க.

ஏறுற கணக்க மட்டும் பாருங்க. ஹேப்பி ஐல்ஸ் கிட்டத்தட்ட 4,000 அடி, லிட்டில் யோசெமிட்டி வேலி 6,100 அடி. அப்ப முதல் நாளே முதுகுல மூட்டையோட ரெண்டாயிரம் அடி, அதுல பாதி வெர்னல் ஃபால், நெவாடா ஃபால் பக்கத்துல கல்லுப்படி, ஆகஸ்ட் வெயில்ல. மறுநாள் ஹாஃப் டோம் 8,800 அடிக்கு மேல, இன்னொரு 2,700 அடி. அதுக்கும் மறுநாள் சன்ரைஸ் 9,000 அடியத் தாண்டி, மறுபடி மூட்டையோட மூவாயிரம் அடி. ஒவ்வொரு நாளும் ஏத்தம், ஒரு நாள் கூட கால் ஆறாது. பெரியவங்க பல்லக் கடிச்சுட்டு ஏறிடுவீங்க. 9 வயசுக் குழந்தை ரெண்டாம் நாள் மத்தியானம் பாதையில உக்காந்துரும், அதுக்கப்புறம் எந்த மலையக் காட்டினாலும் அதுக்கு ஏறாது, அடுத்த வருஷம் வரமாட்டேன்னு சொல்லும். எனக்கு அது தான் கவலை. முதல் தடவையிலயே குழந்தைங்க மலைய வெறுத்துடக் கூடாது. கடைசியா நடந்து வர்ற குழந்தையோட கால் எவ்வளவு தாங்குமோ அத வெச்சு தான் பிளான் போடணும், நம்ம ஆசைய வெச்சு இல்ல.

நான் சொல்ற இடம் லயல் கேன்யன்ங்கிற பள்ளத்தாக்கு. டுவாலமி மெடோஸ்ல கெளம்பறது, அதே வழியில திரும்பறது. கெளம்பற இடமே 8,600 அடிக்கு மேல இருக்கு, அதனால மேல ஏறுற வேலைய கார் பண்ணிடும். அங்கிருந்து டுவாலமி ஆத்தோட லயல் கிளைய ஒட்டியே பாதை, எட்டு மைல் உள்ள போனாலும் ஏத்தம் சில நூறு அடி தான், கிட்டத்தட்ட தரை மாதிரி. ஜான் முயிர் டிரெயிலும் பசிபிக் க்ரெஸ்ட் டிரெயிலும் இதே பாதை தான், அதனால வழி தவற வாய்ப்பு ரொம்பக் கம்மி. இடது கைப்பக்கம் கூனா க்ரெஸ்ட் சுவர் மாதிரி கூடவே வரும், அதுக்கும் பாதைக்கும் நடுவுல புல்வெளியில ஆறு வளைஞ்சு வளைஞ்சு ஓடும், அடியில கிடக்குற கூழாங்கல்லு வரைக்கும் தெரியும். ஆகஸ்ட்ல தண்ணி கொறஞ்சு பசங்க முட்டி அளவுல நின்னு விளையாடலாம். ஜூன்ல போனா இதே ஆறு பனி உருகி வேகமா வரும், அப்ப பசங்கள கிட்டயே விடக் கூடாது.

ஒரே இடத்துல மூணு ராத்திரி டென்ட் போடுங்க. முதல் நாள் அஞ்சு ஆறு மைல் நடந்து டென்ட் போட்டுட்டா, நடுவுல ரெண்டு நாளும் சின்னப் பையில தண்ணியும் சாப்பாடும் மட்டும் எடுத்துட்டு சுத்தலாம். கேன்யன் முடியுற இடத்துக்குப் போயி டோனஹியூ பாஸ்ங்கிற மலைக் கணவாய் பக்கம் கொஞ்சம் ஏறினீங்கன்னா லயல் மலை தெரியும், 13,100 அடிக்கு மேல, பூங்காவுலயே உசரமானது அது தான். அந்த மலையில இருக்கிற பனியாறு இனிமே நகரல, நின்னுடுச்சுன்னு 2013ல பூங்காக்காரங்களே சொன்னாங்க. பக்கத்துல மெக்ளூர் பனியாறு, 1872ல இயற்கை ஆய்வாளர் ஜான் முயிர் அதுல குச்சிய நட்டு வெச்சு அது நகருதுன்னு அளந்து காட்டினாரு. 13 வயசுப் பையனுக்கு இதச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, இன்னும் எத்தனை வருஷத்துக்கு அந்தப் பனி இருக்கும்னு சொல்ல முடியாது.

கோவைப்பையன்:
கோபமெல்லாம் இல்லக்கா. ஆனா அவ்வளவு தூரம் போயி ஹாஃப் டோம் பாக்காம வர்றதான்னு தான் தோணுது. லயல் கேன்யன்ல பெரிய அருவி கிடையாது, எல் கேப்பிடன் கிடையாது.

மலைச்சாரல்:
பாக்காம ஏன் வரணும், டுவாலமிக்குப் போற டியோகா ரோட்டுலயே ஓம்ஸ்டெட் பாயின்ட்ல காரை நிறுத்துனா ஹாஃப் டோமோட பின்பக்கம் அப்படியே நிக்கும். ஏறுறதுக்கு இன்னொரு வருஷம் வரட்டும், பசங்களுக்கு 12, 14, 16 ஆனப்புறம். கடைசி 400 அடி கேபிளப் புடிச்சுட்டு வழுக்குப் பாறையில ஏறணும், ஆகஸ்ட் மத்தியானத்துல திடீர்னு இடி மழை வரும், அங்க ஒளியறதுக்கு ஒரு இடமும் கிடையாது. குழந்தைங்களோட முதல் பயணத்துக்கு அது வேண்டாம், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

காவிரிக்கரை:
அக்கா ரொம்ப நன்றி, வீட்டுல படிச்சுக் காட்டினேன், என் மனைவி அப்பவே லயல் கேன்யன்னு முடிவு பண்ணிட்டாங்க. பெர்மிட் எப்படி?

கோவைப்பையன்:
பெர்மிட் நான் சொல்றேன், இதுல அனுபவம் இருக்கு. ரிக்ரியேஷன் டாட் கவ் வெப்சைட்ல தான் எல்லாம். ஒவ்வொரு டிரெயில்ஹெட்டுக்கும் (பாதை ஆரம்பிக்கிற இடம்) ஒரு நாளைக்கு இத்தனை பேருன்னு கணக்கு. அதுல 60 சதவீதம் 24 வாரத்துக்கு முன்னாடி வாராந்திரக் குலுக்கல்ல போயிடும், மீதி 40 சதவீதம் கெளம்புற நாளுக்கு 7 நாள் முன்னாடி காலைல 7 மணிக்கு தொறக்கும். உங்களுக்கு ஆகஸ்ட் முதல் வாரம்னா குலுக்கல் பிப்ரவரி நடுவுல வரும், ஞாயித்துக்கிழமைல இருந்து சனிக்கிழமை வரைக்கும் எப்ப வேணா போடலாம், முதல்ல போட்டாத்தான் கிடைக்கும்னு இல்ல. ஒரே விண்ணப்பத்துல வேற வேற தேதியும் வேற டிரெயில்ஹெட்டும் வரிசையா குடுக்கலாம், அத காலியா விட்டுடாதீங்க. வெள்ளி சனி கெளம்பறத விட்டுட்டு திங்கள் செவ்வாய்ன்னு போடுங்க. லயல் கேன்யன்னு தேடும்போது டோனஹியூ பாஸ் தாண்டிப் போறவங்களுக்கு தனி, தாண்டாதவங்களுக்கு தனின்னு இருக்கும், ஜான் முயிர் டிரெயில் முழுசா நடக்குறவங்க எல்லாம் முதலாவதுக்கு அடிச்சுக்குவாங்க, நீங்க தாண்டாதத எடுங்க, கிடைக்க வாய்ப்பு அதிகம். காசு 10 டாலர், அதுக்கு மேல ஆளுக்கு 5 டாலர். ஏழு பேருக்கு 45 ஆகும். 10 டாலர் திரும்ப வராது.

பெர்மிட் ஆன்லைன்ல கிடைச்சாலும் டுவாலமி வைல்டர்னஸ் சென்டர்ல நேர்ல போயி கையெழுத்து போட்டு வாங்கணும், அங்க ரேஞ்சர் எல்லாத்தையும் ஒரு தடவை சொல்லுவாங்க, பசங்களையும் பக்கத்துல நிக்க வையுங்க. அந்தத் தாள் எப்பவும் பையில இருக்கட்டும், பாதையில ரேஞ்சர் வந்து கேப்பாங்க.

மலைச்சாரல்:
இதோட ஒண்ணு சேத்துக்கோங்க. பெர்மிட் இருக்கிறவங்க கெளம்புறதுக்கு முந்தின ராத்திரி டுவாலமில பேக்பேக்கர்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல தங்கலாம், தனி ரிசர்வேஷன் வேண்டாம், திரும்பி வந்த ராத்திரியும் தங்கலாம். இத கட்டாயம் பண்ணுங்க. ஃப்ரீமான்ட் கடல் மட்டத்துல இருக்கு, காலைல அங்க இட்லி சாப்பிட்டுட்டு மத்தியானம் 8,600 அடியில மூட்டையத் தூக்கிட்டு நடந்தா தலைவலி வரும், பசங்களுக்கு வாந்தி வரும். ஒரு ராத்திரி மேல தூங்கி எழுந்தா உடம்பு கொஞ்சம் பழகிடும்.

மருந்துச்சீட்டு:
இத நானும் சொல்லணும்னு இருந்தேன். உசரத்தால வர்ற இந்த நோவு எட்டாயிரம் அடிக்கு மேல யாருக்கு வேணா வரலாம், நல்லா ஓடியாடுறவங்களுக்கும் வரும். சின்னப் பசங்களுக்குத் தலை வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, சும்மா சிணுங்குவாங்க, சாப்பாடு வேண்டாம்பாங்க, அத அடம்னு நெனச்சுடாதீங்க. தண்ணி நிறைய குடிக்கட்டும், முதல் நாள் மெதுவா நடங்க. தலைவலி கூடிக்கிட்டே போனாலோ நடை தள்ளாடினாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, உடனே திரும்பி கார் எடுத்து கீழ இறங்கணும், அதுக்கு மருந்து இறங்குறது தான். லயல் கேன்யன் ஒரே வழி, தரை மாதிரி இருக்கிறதால திரும்பறது சுலபம், அந்தக் காரணத்துக்கே நானும் அத தான் சொல்லுவேன். உசர நோவு வராம இருக்க எடுக்குற டயமாக்ஸ் மாத்திரை வேணும்னா உங்க டாக்டர், பசங்க டாக்டர் ரெண்டு பேர் கிட்டயும் கேட்டுட்டு எடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லுங்க.

வல்வெட்டி:
நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். நாங்கள் பான்ஃப் பக்கம் குடும்பமா போறனாங்கள், அங்க கரடி ஸ்பிரே இல்லாமல் ஒருத்தரும் நடக்கிறேல்ல, இடுப்பில கொழுவிக்கொண்டு தான் போவம், பிள்ளைகளுக்கும் எப்பிடிப் பாவிக்கிறதெண்டு காட்டிக் குடுத்திருக்கிறம். தம்பி நீங்களும் ரெண்டு வாங்கிக்கொண்டு போங்கோ. அதோட இன்னொரு கேள்வி, அங்க விரும்பின இடத்தில கூடாரம் அடிக்கலாமோ? பான்ஃபில உள்ளுக்கு எந்த முகாம், எந்த இரவெண்டு முதலே பதிஞ்சு, அந்த இடத்தில தான் அடிக்க வேணும், சாப்பாடு தொங்கவிடக் கம்பி, பெட்டி எல்லாம் அங்க இருக்கும்.

மலைச்சாரல்:
அண்ணா, உங்க ஊர்ல கிரிஸ்லி இருக்கு, அங்க ஸ்பிரே அவசியம். கலிஃபோர்னியால கிரிஸ்லி 1920கள்லயே அழிஞ்சு போச்சு, கொடியில மட்டும் தான் மிச்சம், இங்க இருக்கிறது கருங்கரடி மட்டும். யோசெமிட்டிக்குள்ள கரடி ஸ்பிரே வெச்சிருக்கவே கூடாது, தடை. அதனால காவிரிக்கரை, வாங்காதீங்க. கரடி வந்தா எல்லாரும் சேந்து நின்னு கையத் தூக்கி சத்தமா கத்தணும், அது ஓடிடும். ஓடாதீங்க, குட்டி இருந்தா கிட்டப் போகாதீங்க. இங்க கரடிக்கு நம்ம மேல ஆசை இல்ல, நம்ம சாப்பாட்டு மேல தான். நம்ம சாப்பாட்ட ஒரு தடவை ருசி பாத்த கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விட்டுப் போயிடும், கடைசில அதக் கொன்னுடறாங்க. அந்தப் பாவம் சாப்பாட்ட வெளிய வெச்சவங்க மேல தான் சேரும். 1998ல ஒரே வருஷத்துல ஆயிரத்துக்கும் மேல காரை யோசெமிட்டில கரடிங்க உடைச்சுச்சு, அப்புறம் தான் எல்லா இடத்துலயும் இரும்புப் பெட்டி, கரடி டப்பா (கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா) கட்டாயம்னு இறுக்கிப் புடிச்சாங்க, இப்ப ரொம்பக் கொறஞ்சிருக்கு.

இடம் விஷயம், ஆமா, இங்க பெரும்பாலும் நாமளே பாத்துப் போட்டுக்கலாம், ஆனா சட்டம் உண்டு. டுவாலமி மெடோஸ்ல இருந்து பாதை வழியா 4 மைலாவது உள்ள போகணும். தண்ணிக்கும் பாதைக்கும் 100 அடி தள்ளி. புல்லு மேல போடக் கூடாது, ஏற்கெனவே மண்ணு தெரியுற இடத்துல தான். பசங்க ஆத்தங்கரைப் புல்லுல போடலாம்பாங்க, பாக்க அழகா தான் இருக்கும், ஆனா ராத்திரி குளிர்காத்து எல்லாம் இறங்கி அங்க தான் தேங்கும், விடிஞ்சு பாத்தா டென்ட் உள்பக்கம் முழுக்க நனைஞ்சு, வெளிய உறைபனி படிஞ்சிருக்கும். கொஞ்சம் மேட்டுல லாட்ஜ்போல் பைன் மரங்களுக்கு நடுவுல போடுங்க, அஞ்சு டிகிரி வித்தியாசம் உடம்புக்கே தெரியும். ஆகஸ்ட்லயும் ராத்திரி உறைநிலை கிட்டப் போகும், அதனால 20 டிகிரி ஃபாரன்ஹீட் தூக்கப்பை, அடியில போடுற மெத்தை நல்லதா வேணும். தூக்கப்பைய விட மெத்தைக்கு காசு போடுங்கன்னு தான் சொல்லுவேன், குளிர் தரையில இருந்து தான் ஏறும்.

வல்வெட்டி:
ஓம் அப்ப சரி, தடையெண்டு எனக்குத் தெரியாது, நல்ல காலம் கேட்டனான்.

மதுரைச்சமையல்:
சாப்பாட்டுக்கு நான் வர்றேன். முதல்ல ஒண்ணு மண்டையில ஏத்திக்கங்க, அந்த உசரத்துல தண்ணி 91 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிரும். அதனால பருப்பு வேகாது, பச்சரிசி அரைவேக்காட்டுலயே நிக்கும், கேஸ் தான் தீரும். குக்கரத் தூக்கிட்டுப் போறத எல்லாம் நெனைக்காதீங்க. வேக வைக்க வேண்டியது எதுவுமே வேண்டாம், கொதி தண்ணி ஊத்தினா ஆகிற மாதிரி வீட்டுலயே பண்ணிட்டுப் போங்க.

அவல் தான் ராஜா. கெட்டி அவலுக்கு தாளிப்பு, வறுத்த வேர்க்கடலை, காஞ்ச கறிவேப்பிலை, மஞ்சத்தூள், உப்பு எல்லாம் வீட்டுலயே சேத்து, ஆளுக்கு ஒரு ஜிப்லாக்னு கட்டிருங்க, காலைல சுடுதண்ணி ஊத்தி மூடி அஞ்சு நிமிசம், உப்புமா ரெடி. ரவைய நெய்யில நல்லா வறுத்து தாளிச்சுக் கொண்டு போனா அதுவும் ஆகும். ராத்திரிக்கு வெந்து காஞ்ச இன்ஸ்டன்ட் அரிசி கடையில கிடைக்கும், அதுல ஊறினதும் புளிக்காய்ச்சல் ஒரு ஸ்பூன் போட்டா புளியோதரை, பருப்புப்பொடியும் நெய்யும் போட்டா பருப்புச்சாதம். புளிக்காய்ச்சல தண்ணி இல்லாம நல்லா சுண்டக் காய்ச்சுங்க, ரெண்டு கவர் போட்டுக் கட்டுங்க, எண்ணெய் கசிஞ்சா அந்த டப்பா வாசம் போகவே போகாது. நடக்கையில கொறிக்க கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். தட்டை, முறுக்கெல்லாம் நொறுங்கிரும், இடத்தையும் அடைக்கும், வேண்டாம். எம்டிஆர் பாக்கெட் எடுத்துட்டுப் போறவங்க உண்டு, ஆனா அதுல பாதி தண்ணி, ஏழு பேருக்கு முதுகு ஒடிஞ்சிரும்.

கேஸ் 230 கிராம் டப்பா ரெண்டு போதும், தண்ணி கொதிக்க வைக்க மட்டும் தானே.

காவிரிக்கரை:
வாயில எச்சில் ஊறுது. கரடி டப்பா எத்தனை வேணும்? ஒண்ணுல எவ்வளவு கொள்ளும்?

மலைச்சாரல்:
பேர்வால்ட் 500ங்கிற கரடி டப்பா கணக்குல சொல்றேன், 11.5 லிட்டர், வெறும் டப்பாவே ரெண்டரை பவுண்டுக்கு மேல. ஏழு பேரு, மூணு ராத்திரிக்கு நாலு டப்பா வேணும், மூணுல அடைச்சிடலாம்னு பாக்காதீங்க. ஏன்னா உள்ள போறது சாப்பாடு மட்டும் இல்ல, பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், லிப் பாம், கொசு மருந்து, மாத்திரை, குப்பை, வாசம் வர்ற எல்லாமே உள்ள தான். முதல் நாள் மதியச் சாப்பாடு நடந்து போறப்பவே சாப்பிட்டுடுவீங்க, அத வெளிய வெச்சுக்கலாம், அதனால அன்னைக்கு மட்டும் சப்பாத்தி உருளைக்கிழங்குன்னு நல்லா கட்டிட்டுப் போங்க. மத்ததெல்லாம் வீட்டுலயே ஒரு தடவை அடுக்கிப் பாருங்க. ஜிப்லாக்ல காத்த அழுத்தி எடுத்துட்டு, கடைசி நாள் சாப்பாடு அடியில, முதல் ராத்திரி சாப்பாடு மேல, சந்துல எல்லாம் அவல் பொட்டலத்த சொருகி, மூடி திருகுதான்னு பாத்துட்டு தான் நிறுத்தணும். துணிப்பை மாதிரி வர்ற அர்சாக் யோசெமிட்டில செல்லாது, மரத்துல தொங்க விடறதும் செல்லாது. டப்பா வாங்க வேண்டாம், பெர்மிட் வாங்குற இடத்துலயே வாடகைக்கு குடுப்பாங்க, ஆனா அது என்ன அளவுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

அந்தப் பேர்வால்ட் மூடிய திறக்க, ஓரத்துல இருக்கிற புடைப்ப உள்ள அழுத்தித் திருகணும். விடியக்காலைக் குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சு, விரலும் விறைச்சு, அழுத்தவே முடியாது. பழைய பிளாஸ்டிக் கார்டு ஒண்ண அந்தச் சந்துல விட்டு நெம்பினா வந்துடும். ராத்திரி டப்பாவ டென்ட்ல இருந்து தள்ளி, ஆத்தங்கரையோ சரிவோ இல்லாத இடத்துல தரையில வையுங்க, கரடி உருட்டினாலும் தண்ணிக்குள்ள போயிடக் கூடாது.

தாமிரபரணி:
நானும் ரெண்டு பொண்ணுங்களோட போறவ, ஒரு விஷயத்த யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். கேன்யன்ல டாய்லெட் கிடையாது. சின்ன மண்வெட்டி ஆளுக்கு ஒண்ணு இல்லன்னாலும் குடும்பத்துக்கு ஒண்ணு வேணும். தண்ணி, பாதை, டென்ட் எல்லாத்துக்கும் 100 அடி தள்ளிப் போயி ஆறு இன்ச் ஆழம் தோண்டி, முடிஞ்சதும் மூடணும். டிஷ்யூவ புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, ரெண்டு ஜிப்லாக் போட்டுத் திரும்பக் கொண்டு வரணும், பேடும் அப்படித் தான். வெளிய தெரியாத மாதிரி ஒரு கருப்புப் பையும் உள்ள கொஞ்சம் பேக்கிங் சோடாவும் போட்டுக் குடுத்தா பொண்ணுங்க கூச்சப்படாம கொண்டு வருவாங்க. கை கழுவுற தண்ணிய ஆத்துல இருந்து பாத்திரத்துல எடுத்துட்டுப் போயி தள்ளி வெச்சு கழுவுங்க, மக்கிப் போற சோப்புன்னு எழுதியிருந்தாலும் ஆத்துல விடக் கூடாது. அந்த லயல் கிளையும் டானா கிளையும் டுவாலமி மெடோஸ்ல சேந்து தான் டுவாலமி ஆறாகி ஹெட்ச் ஹெட்ச்சி அணைக்குப் போகுது, சான் பிரான்சிஸ்கோல குழாயத் திறந்தா வர்ற தண்ணி அது. பசங்க கிட்ட இத மட்டும் சொன்னாப் போதும், அவங்களே நமக்குப் பாடம் எடுப்பாங்க.

குடிக்கிற தண்ணிக்கு ஃபில்டர் கட்டாயம், பளிங்கு மாதிரி இருந்தாலும் வயித்துப்போக்கு வர வைக்கிற ஜியார்டியா கிருமி இருக்கும். ஏழு பேருக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டு ஃபில்டர் வேணும், ராத்திரி அத தூக்கப்பைக்குள்ள வெச்சுக்கோங்க, உள்ள இருக்கிற ஈரம் உறைஞ்சா நார் உடைஞ்சிடும், வெளிய பாத்தா தெரியாது. ஃபில்டர் இல்லன்னா அந்த உசரத்துல மூணு நிமிஷம் கொதிக்க வைக்கணும்.

கோவைப்பையன்:
கொசு, மழை, புகை பத்தி யாரும் சொல்லல. அந்த வருஷம் பனி எவ்வளவோ அதப் பொறுத்து தான் கொசு. நிறைய பனி பெய்ஞ்ச வருஷம்னா ஆகஸ்ட் முதல் வாரமும் கடிக்கும், தலைக்கு வலை ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க, எடையே இல்ல. டியோகா ரோடும் அப்படித் தான், 2023ல ஜூலை 22 அன்னைக்கு தான் தொறந்தாங்க, அதனால ஏப்ரல் மே மாசத்துல பனிக் கணக்க பாத்துட்டே இருங்க. மத்தியானம் இடி வந்தா உசரத்துல இருக்கக் கூடாது, டோனஹியூ பக்கம் ஏறுறதுன்னா விடியக்காலைல கெளம்பி பன்னெண்டு மணிக்குள்ள கீழ வந்துடுங்க. காட்டுத்தீ புகை வந்தா போகாதீங்க, பெர்மிட் காசு போனாப் போகட்டும். நெருப்பு மூட்டுறது 9,600 அடிக்கு மேல எப்பவுமே கூடாது, கீழயும் ஏற்கெனவே வட்டமா கல்லு இருக்கிற இடத்துல மட்டும் தான், கோடையில அதையும் தடை பண்ணிடுவாங்க, அதனால ஸ்டவ்வ மட்டும் நம்பிப் போங்க.

போன் சிக்னல் கிடையாது. மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணுங்க, பேப்பர் மேப்பும் ஒண்ணு. சாட்டிலைட் வழியா செய்தி அனுப்புற கார்மின் இன்ரீச் கருவி வாடகைக்கு கிடைக்கும். புது ஐபோன்ல சாட்டிலைட் எமர்ஜென்சி இருக்கு, ஆனா அத ஒருத்தர் போன்ல மட்டும் நம்பி இருக்காதீங்க.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இப்ப பிளான் இப்படி மாத்திட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல கெளம்பி ஓக்டேல், க்ரோவ்லேண்ட் வழியா 120ல ஏறி, க்ரேன் ஃப்ளாட்ல பெட்ரோல் போட்டுட்டு, ஓம்ஸ்டெட் பாயின்ட்ல நின்னு, சாயங்காலம் டுவாலமி பேக்பேக்கர்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல ராத்திரி. திங்கக்கிழமை காலைல பெர்மிட், டப்பா வாங்கிட்டு நடக்க ஆரம்பிச்சு, அயர்லாண்ட் லேக் பாதை பிரியுற இடத்தத் தாண்டி நல்ல இடமா பாத்து டென்ட். செவ்வாய், புதன் அங்கயே, வியாழன் திரும்பறோம். செவ்வாய் பசங்க சொல்றது தான், ஆறு மட்டும் போதும்னா ஆறு. புதன் யாருக்குத் தெம்பு இருக்கோ அவங்க மட்டும் கேன்யன் கடைசி வரைக்கும். குலுக்கல்ல கிடைக்கலன்னா 7 நாள் முன்னாடி காலைல 7 மணிக்கு நாலு பேரும் நாலு லேப்டாப்ல உக்காரப் போறோம். பசங்க எவ்வளவு தூக்கலாம்?

மலைச்சாரல்:
இப்ப தான் எனக்கு நிம்மதி. 9 வயசு தன்னோட ஜாக்கெட், தண்ணி, தின்பண்டம் மட்டும் தூக்கட்டும், பெரிய பசங்க அவங்க எடையில பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல வேண்டாம். எல்லாரும் மே, ஜூன்ல மிஷன் பீக்ல மூட்டையக் கட்டிட்டு ஏறிப் பாருங்க, உங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்கு, அதிகாலையில போங்க, நிழலே கிடையாது. ஷூ புதுசுன்னா அதுக்குள்ள பழகிடணும். தூக்கப்பை, பேக்பேக் எல்லாத்தையும் இப்பவே காசு போட்டு வாங்காதீங்க, முதல் தடவை ஆர்இஐ கடையில வாடகைக்கு எடுங்க, பசங்க அடுத்த வருஷம் வளந்துடுவாங்க.

தாமிரபரணி:
காரப் பத்தியும் கேட்டுக்கோங்க. மூணு ராத்திரி கார் டிரெயில்ஹெட்ல நிக்கும், உள்ள ஒரு பிஸ்கட் துண்டு கூட இருக்கக் கூடாது. குழந்தை சீட்டுக்கு அடியில, கப் ஹோல்டர்ல, டிக்கில, எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை கெளம்புறதுக்கு முன்னாடி வேக்குவம் போட்டுடுங்க. திரும்பி வந்ததும் சாப்பிடறதுக்கு எடுத்து வெக்கிறது, வெட் வைப்ஸ், ஏர் ஃப்ரெஷ்னர், கண்ணாடில தொங்குற சந்தன மாலை, எல்லாம் பார்க்கிங்ல இருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள போட்டு, பேரும் திரும்புற தேதியும் எழுதி ஒட்டிடுங்க. பெட்டிக்கு பூட்டு போடக் கூடாது, மத்தவங்களும் அதே பெட்டியத் தான் உபயோகிப்பாங்க, அதனால விலையுள்ள சாமான் எதையும் அதுல வெக்காதீங்க.

காவிரிக்கரை:
சந்தன மாலை இருக்குக்கா, நெசமாவே. கழட்டிடறேன். குலுக்கல் முடிவு வந்ததும் இங்கயே வந்து எழுதுறேன்.